மலைநாட்டில் வெப்பநிலைப் போர்வை: நிறக் கணக்கும் நூல் கணக்கும்

நாளுக்கொரு வரி, அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறம், வருட முடிவில் ஒரு போர்வை. குரோஷே பின்னுபவர்கள் மத்தியில் பரவியிருக்கும் இந்த வேலைக்கான நிற அட்டவணைகள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் 30 பாகை செல்சியஸ் வித்தியாசம் சாதாரணம். அதனால் 5 பாகைக்கு ஒரு நிறம் என்று பிரித்தாலும் ஏழெட்டு நிறம் தேறிவிடும். அதே அட்டவணையை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் பகல் வெப்பநிலை ஏறக்குறைய முழு வருடமும் 15–20, 20–25 என்ற இரண்டு பெட்டிகளுக்குள் விழும். 365 வரி பின்னியும் கையில் இரண்டு நிறப் போர்வைதான் மிஞ்சும். முதலில் அளவுகோலை நம் மலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். நூல் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

மலைநாட்டில் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவது பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் வருடச் சராசரி சுமார் 16 பாகை. பெப்ரவரியில் பகல் 21, 22 வரை ஏறும். இரவு சராசரியாக 9 பாகை அளவுக்கு இறங்கும். ஜூலையில் பகல் 18ஐத் தாண்டுவதே பாடு, ஆனால் இரவு 13க்குக் கீழே அதிகம் போவதில்லை. பெப்ரவரி இடைவெளி 12 பாகை, ஜூலை இடைவெளி 5 பாகை. காரணம் மேகம். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மேற்குச் சரிவு முழுவதும் மேகத்துக்குள் கிடக்கும். பகலில் அது வெயிலை மறைக்கிறது. இரவில் நிலத்தின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நிலம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். அதனால்தான் நல்ல வெயில் அடித்த நாளுக்கு அடுத்த காலையில் புல்லில் உறைபனி கிடக்கிறது.

ஆகவே அதிகூடிய வெப்பநிலையை மட்டும் பதிவது இங்கே பாதிக் கதை. சராசரியைப் பதிந்தால் அதுவும் போச்சு: 22ஐயும் 9ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15.5, 18ஐயும் 13ஐயும் வகுத்தாலும் 15.5. உறைபனி மாதமும் மூடுபனி மாதமும் ஒரே நிறமாகிவிடும். அதிகூடியது, அதிகுறைந்தது இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிற வடிவம் வேண்டும்.

சதுரமா, வரியா

இரண்டையும் வரிகளாகப் போட்டால் நாளுக்கு இரண்டு வரி, மொத்தம் 730 வரி. டிகே எனப்படும் நடுத்தரத் தடிப்பு நூலில் 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னும் டபுள் குரோஷே வரி ஒன்று சுமார் 5 மில்லிமீற்றர் உயரம். 730 வரி என்றால் மூன்றரை மீற்றருக்கு மேல். அது போர்வையல்ல, கல்யாண வீட்டு நடைபாவாடை.

நாங்கள் சிபாரிசு செய்வது சின்ன கிரானி சதுரம், அதாவது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வெளியே பின்னும் சதுரம். நடுச்சுற்று அன்றைய அதிகுறைந்த வெப்பநிலை, வெளிச்சுற்று அதிகூடியது. ஆறு செயினை ஸ்லிப் ஸ்டிச்சால் வளையமாக்கி, முதல் சுற்றில் மும்மூன்று ட்ரெபிளாக நான்கு கூட்டம், மூலைக்கு இரண்டு செயின். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கூட்டம், நடுவில் இரண்டு செயின், பக்கங்களில் கூட்டங்களுக்கு இடையில் ஒரு செயின். அவ்வளவுதான். (இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டிஷ் பெயர். அமெரிக்க வடிவங்களில் இதே ட்ரெபிள் ‘டபுள்’ என்றும், நம் டபுள் ‘சிங்கிள்’ என்றும் வரும். வீடியோ பார்த்துப் பின்னுபவர்கள் முதல் நிமிடத்திலேயே எது என்று கவனித்துக்கொள்ள வேண்டும்.) இரண்டு சுற்றில் சதுரம் 6.5 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். சதுரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புச் சுற்றோடு சுமார் 7.5.

365ஐ நீள அகலமாகப் பிரிப்பது தொல்லை. 5ஆலும் 73ஆலும்தான் அது பிரியும். 12 மாதம் ஆளுக்கொரு பத்தி, 31 நாள் என்று அடுக்கினால் 372 சதுரம் வரும். மாதங்களை ஒப்பிட வசதிதான், ஆனால் 90 சென்ரிமீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் 30 நீளமுமாகச் சால்வைக்கும் போர்வைக்கும் இடையில் ஒன்று கிடைக்கும். 18 பத்தி, 21 வரிசை நல்ல கணக்கு: 378 சதுரம். 365 போக மிச்சம் 13. பன்னிரண்டு மாதத்துக்கும் தலைச் சதுரம் ஒவ்வொன்று, கடைசிச் சதுரத்தில் வருடத்தை ஊசித்தையலில் எழுதலாம். நெட்டாண்டு என்றால் 366 + 12, மிச்சமே இல்லை. அளவு சுமார் 135க்கு 157 சென்ரிமீற்றர். தனிக் கட்டிலுக்குப் போதும். வரிசைகளை எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓட்டுங்கள். பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போனால் மாதம் எங்கே தொடங்கியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மாதத் தலைச் சதுரங்களை வீணாக விட வேண்டாம். மழையை அங்கே வைக்கலாம்: மாத மழை 100 மில்லிமீற்றருக்குக் கீழ், 100–200, 200–300, 300க்கு மேல் என்று நான்கு சாம்பல் நிறம். மாதம் முடிந்த பிறகுதான் அந்தச் சதுரத்தைப் பின்ன முடியும், அதனால் இடத்தை விட்டு வைத்துக் கடைசியில் கோர்க்க வேண்டும். பெரும்பாலான தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்து அளந்து எழுதுவது பழைய வழக்கம். தோட்டத்து அலுவலகத்தில் தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். நாளாந்த மழையை இணைப்பு நூலின் நிறத்தால் காட்டலாம் என்று சிலர் செய்வார்கள். மூன்றாவது தகவல் ஏறியதும் கண் எதையும் படிக்காது. வேண்டாம்.

சதுரமே பிடிக்காது, வரிதான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இரண்டு வெப்பநிலையையும் விட்டுவிட்டு, இடைவெளியை மட்டும் பதிவது. அதிகூடியதிலிருந்து அதிகுறைந்ததைக் கழித்து வரும் பாகைக்கு ஒரு நிறம்: 4க்குக் கீழ், 4–5.9, 6–7.9 என்று 14க்கு மேல் வரை ஏழு நிறம். நாளுக்கு ஒரு வரி, 365 வரி, 183 சென்ரிமீற்றர். 200 தையல் போட்டால் அகலம் 115 முதல் 120 வரை வரும். மழைக்காலமும் தெளிந்த காலமும் பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

அளவுகோல் போடுவது

கடந்த வருடத்தின் நாளாந்தக் கணக்கு கிடைத்தால் அதை வைத்து எண்ணுவதே முறை. கோடு போட்ட கொப்பி ஒன்றில் 3 பாகை முதல் 26 பாகை வரை இடப்பக்கம் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் அதிகுறைந்ததற்கு ஒரு கோடு, அதிகூடியதற்கு வேறு நிறப் பேனாவில் ஒரு கோடு. ஐந்தைந்தாகக் கட்டினால் அரை மணி வேலை. கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கே ஒரு பாகைக்கு ஒரு நிறம். ஓரங்களில் இரண்டு பாகைக்கு ஒன்று. எந்த நிறமும் வருடத்தின் கால்வாசிக்கு மேல், அதாவது 90 நாளுக்கு மேல், வரக்கூடாது, வந்தால் பிரியுங்கள். நாலைந்து நாள் மட்டுமே வரும் நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு சேருங்கள். ஒரேயொரு விலக்கு: அடியில் இருக்கும் உறைபனி நிறம். இரண்டே நாள் வந்தாலும் அது தனியாக நிற்க வேண்டும்.

நுவரெலியாவுக்கு இப்படி ஒரு அளவுகோல் போடலாம்:

5.0க்குக் கீழ்: வெள்ளை
5.0–6.9: இளநீலம்
7.0–8.9: வான்நீலம்
9.0–9.9: ராயல் நீலம்
10.0–10.9: கருநீலம்
11.0–11.9: மயில் நீலம்
12.0–12.9: பாசிப் பச்சை
13.0–13.9: கரும்பச்சை
14.0–15.9: இலைப் பச்சை
16.0–16.9: கிளிப் பச்சை
17.0–17.9: கொழுந்துப் பச்சை
18.0–18.9: எலுமிச்சை மஞ்சள்
19.0–19.9: மஞ்சள்
20.0–20.9: கடுகு மஞ்சள்
21.0–21.9: செம்மஞ்சள்
22.0–22.9: செங்கல் நிறம்
23.0உம் அதற்கு மேலும்: சிவப்பு

பதினேழு நிறம். 9–10, 10–11 என்று எழுதினால் 10.0 எந்தப் பெட்டி என்று வருடம் முழுவதும் சந்தேகம் வரும்; தசமத்தோடு எழுதிவிட்டால் வராது. நிற வரிசைக்கும் காரணம் உண்டு. 12 முதல் 18 வரை பச்சைக் குடும்பத்துக்குள் அடைத்திருப்பதால் ஜூலைச் சதுரம் நடுவும் ஓரமும் பச்சையாக, ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். பெப்ரவரிச் சதுரம் நீலத்தைச் சுற்றிச் செம்மஞ்சளாகப் பளிச்சென்று நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே மேகம் இருந்த மாதம் எது, இல்லாத மாதம் எது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

வேறு ஊருக்கு மாற்ற, உயரம் 1,000 மீற்றர் கூடினால் சுமார் 6.5 பாகை குறையும் என்ற கணக்கே தொடக்கத்துக்குப் போதும். பண்டாரவளை சுமார் 1,225 மீற்றர். அட்டனும் ஏறக்குறைய அந்த உயரம்தான். நுவரெலியாவிலிருந்து 600 மீற்றருக்கு மேல் இறக்கம் என்பதால் எல்லா எல்லைகளோடும் 4ஐக் கூட்டுங்கள். பதுளைக்கு 8, கண்டிக்கு 9. கூட்டிய பிறகும் ஊரின் குணம் வேறு என்பதை மறக்க வேண்டாம். ஜூனிலும் ஜூலையிலும் அட்டன், மஸ்கெலியா பக்கம் மழையில் ஊறிக்கொண்டிருக்க, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை இருக்கும் ஊவாவில் காற்றும் வெயிலும். உயரம் ஒன்றாக இருந்தும் அட்டன் போர்வையும் பண்டாரவளைப் போர்வையும் வருட நடுவில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். இரு ஊரிலும் ஆளுக்கொன்றாகப் பின்னும் சகோதரிகள் இருந்தால் ஒரே அளவுகோலை வைத்துச் செய்து பாருங்கள்.

எந்த எண்ணை எடுப்பது

போன் செயலி காட்டும் வெப்பநிலையை நம்பி இறங்க வேண்டாம். அது உங்கள் ஊரில் அளந்ததல்ல. கணினியில் ஓடும் வானிலை மாதிரியுரு ஒன்று நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணித்தது. பழைய தரவு தரும் தளங்கள் சிலவற்றில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தட்டை நிலத்தில் அது பரவாயில்லை. நுவரெலியாவைச் சுற்றி 30 கிலோமீற்றர் என்றால் பிதுருதலாகலை உச்சியும் கொத்மலைப் பள்ளத்தாக்கும் ஒரே கட்டத்துக்குள் வரும். உயரம் 300 மீற்றர் பிழைத்தாலே 2 பாகை, அதாவது இரண்டு நிறம் பிழை.

வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை ஆகிய இடங்களில் அவதான நிலையங்கள் உண்டு. நாளாந்த அதிகூடிய, அதிகுறைந்த வெப்பநிலையும் மழையும் திணைக்கள இணையத்தளத்தில் வரும். 24 மணி நேரக் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. அங்கே அன்றன்றைய பக்கம் மாறிவிடும் என்பதால் தினமும் கொப்பியில் எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் சேர்த்துப் பார்க்கலாம் என்று விட்டால் ஐந்து நாள் போயிருக்கும்.

சொந்தமாக அளக்க விரும்பினால் கூடிய–குறைந்த வெப்பமானி தேவை. யு வடிவக் குழாய் உள்ளதை 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் சிக்ஸ் உண்டாக்கினார். இன்றும் அதே அமைப்புதான். பாதரசம் தள்ளிவிட்ட இடத்தில் சின்ன இரும்புக் குச்சி நின்றுவிடும், வாசித்த பின் காந்தத்தால் இழுத்துக் கீழே விட வேண்டும். வாங்கும்போது குழாயின் இரண்டு பக்கத்திலும் தற்போதைய வெப்பநிலை ஒன்றாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பஸ்ஸில் குலுங்கிப் பாதரச நூல் அறுந்திருந்தால் இரண்டும் வேறுபடும். டிஜிட்டல் கருவி வசதி, ஆனால் குளிர் இரவில் பலவீனமான பற்றரி செத்துவிட்டால் பதிவும் சேர்ந்து அழியும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். நிலத்திலிருந்து 1.25 முதல் 2 மீற்றர் உயரம், புல் தரைக்கு மேல், காற்றோட்டமான நிழல். லயத்துத் தகரக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டால் பகலில் தகரத்தின் சூட்டையும் இரவில் வீட்டுக்குள் எரியும் அடுப்பின் சூட்டையும்தான் அளப்பீர்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் வடக்குச் சுவரில் மாட்டு என்று சொல்லும், அங்கே வெயிலே படாதென்று. நம் நாடு 7 பாகை அகலக்கோட்டில் இருப்பதால் அது இங்கே பொருந்தாது. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். அந்த ஐந்து மாதமும் வடக்குச் சுவரில் வெயில் விழும். சுவரை விட்டு விலகித் தூண் நட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சட்டித் தட்டு ஏழெட்டைக் கவிழ்த்து, இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நீள ஆணியில் கோர்த்து, மேல் தட்டு தவிர மற்றவற்றின் நடுவை வெட்டி அதற்குள் கருவியைத் தொங்கவிடுங்கள். காற்று போகும், வெயிலும் மழையும் படாது.

தினமும் காலை 8.30க்கு வாசித்தால் அதிகுறைந்தது அன்றைய விடியலுக்குரியது. அதிகூடியது முதல் நாள் பிற்பகலுக்குரியது. இரண்டையும் ஒரே திகதியில் எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒவ்வொரு சதுரத்திலும் நடுவும் ஓரமும் வெவ்வேறு நாளாகிவிடும். ஆகவே சதுரத்தை ஒரு நாள் பிந்தியே பின்ன முடியும், அதில் அவசரம் வேண்டாம்.

பதிவு விட்டுப்போன நாளுக்கு முன்பின் நாட்களைச் சராசரி எடுத்து நிரப்பாதீர்கள். நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற போர்வைதான் பிறகு நம்பிப் படிக்கத்தக்கது. நடுவருடத்தில் நிலையத் தரவிலிருந்து வீட்டுக் கருவிக்கு மாறுவதும் கூடாது.

நூல்

அக்ரிலிக் டிகே. நுவரெலியாக் குளிருக்குச் சுத்தமான கம்பளி நூல்தானே பொருத்தம் என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் துவைத்த கம்பளி காய வாரம் பிடிக்கும், பூஞ்சை மணம் ஏறும், அந்துப்பூச்சி தேடி வரும். பதினேழு நிறமும் ஒரே தடிப்பில் கிடைப்பதும் கடினம். பருத்தி நூல் பதுளை, கண்டிச் சூட்டுக்கு நன்று, ஆனால் பாரம்: அக்ரிலிக் 100 கிராமில் 290, 300 மீற்றர் வரும், அதே தடிப்புப் பருத்தியில் 200 மீற்றர் சொச்சம்தான். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள், துவைத்ததும் ஒன்று சுருங்கி மற்றது தொங்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நடுச்சுற்றுக்கு வால் நுனிகளோடு சேர்த்துச் சுமார் 1.1 மீற்றர், வெளிச்சுற்றுக்கு 2 மீற்றர், டபுள் குரோஷேயில் போடும் இணைப்புச் சுற்றுக்கு ஒன்றரை மீற்றர் போகும். கிராமில் முறையே 0.4, 0.7, 0.5. கை இறுக்கத்தைப் பொறுத்து இது மாறுவதால் உங்கள் கையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்: உருண்டையை நிறுத்து, இருபது நடுச்சுற்று பின்னி, மறுபடி நிறுத்து, இருபதால் வகுக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால் ஒன்றிரண்டு சுற்றை நிறுத்துப் பயனில்லை.

பிறகு கோடு போட்ட கொப்பிக்குத் திரும்புங்கள். கரும்பச்சை அதிகுறைந்ததாக 70 நாள் என்றால் 70ஐ 0.4ஆல் பெருக்கி 28 கிராம். ஐந்திலொரு பங்கு கூட்டி 34. செம்மஞ்சள் அதிகூடியதாக 60 நாள் என்றால் 42, கூட்டி 50 கிராம். இரண்டு பக்கமும் வரும் நிறத்துக்கு இரண்டையும் சேர்க்க வேண்டும். மொத்தமாக நிற நூல் 400 கிராமுக்குச் சற்று மேல். இணைப்புக்கும் ஓரத்துக்கும் வெளிர் சாம்பலோ கிரீம் நிறமோ 250 கிராம். அதாவது பல நிறங்களில் 50 கிராம் உருண்டை ஒன்றே போதும். வெள்ளைக்குப் பழைய தொப்பி பின்னி மிஞ்சிய துண்டு போதும். பதினேழு நிறத்திலும் 100 கிராம் வாங்கி அடுக்கினால் போர்வை முடியும்போது இன்னொரு போர்வைக்கான நூல் அலுமாரியில் கிடக்கும்.

கணக்கு போட்டு அதிகம் போகும் ஐந்தாறு நிறங்களை மட்டும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் முழுதாக வாங்கிவிடுங்கள். லேபலில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அது. ஒரே நிறம் என்று நினைத்து ஆகஸ்டில் வாங்கும் இரண்டாம் உருண்டை ஒரு சாயல் வேறுபட்டால், ஒரு பாகைக்கு ஒரு நிறம் வைத்திருக்கும் இந்த அளவுகோலில் அது பக்கத்து வெப்பநிலையாகப் படிக்கப்படும். கண்டியிலோ புறக்கோட்டையிலோ கடைக்குப் போனால் டியூப் விளக்கின் கீழ் தெரிவு செய்யாமல் உருண்டைகளை வாசலுக்கு எடுத்து வாருங்கள். வரிசையாக வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. படத்தில் நீலங்களுக்கும் செம்மஞ்சளுக்கும் சாம்பல் அளவு வேறுபட வேண்டும், இல்லாவிட்டால் பெப்ரவரிச் சதுரத்தின் பளிச்சு மங்கிப்போகும்.

பின்னும்போது

நாளுக்கு நான்கு நூல் நுனி. 365 நாளுக்கு 1,460. டிசம்பர் வரை விட்டுவைத்தவர்களின் போர்வைகள்தான் பைக்குள் முடியாமல் கிடப்பவை. நுனியை 12 சென்ரிமீற்றர் விட்டு, தொடக்க நுனியை முதல் சுற்றின் தையல்களுக்குள்ளேயே மூடிப் பின்னிவிடுங்கள். முடிவு நுனியை மழுங்கு ஊசியால் ஒரு திசையில் கொண்டுபோய், ஒரு தையல் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அக்ரிலிக் வழுக்கும், ஒரே திசையில் இழுத்து வெட்டினால் இரண்டாவது துவையலில் வெளியே வந்துவிடும். நடு வளையத்தில் நுனியைச் சுற்றி ஓட்டி இறுக்காவிட்டால் சதுரத்தின் நடு பிளக்கும்.

வருடம் முழுவதும் கை ஒரே மாதிரி இருக்காது. குளிரில் விறைத்த விரல் இறுக்கும், வேறு யோசனையில் இருக்கும் விரல் தளர்த்தும். 6.5 சென்ரிமீற்றர் சதுரமாகத் தடித்த அட்டை ஒன்று வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு, மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தை இணைப்புச் சுற்று விழுங்கிவிடும். அரைச் சென்ரிமீற்றர் என்றால் அவிழ்த்து வேறு ஊசியால் பின்னுங்கள். பதினெட்டு சதுரம் சேரும் வரிசையில் அது ஒன்பது சென்ரிமீற்றர் கோணலாகும்.

தினமும் இணைப்பதை விட வாரம் ஒருமுறை ஏழு சதுரமாக இணைப்பது வசதி. ஒவ்வொரு சதுரத்தின் பின்னாலும் திகதி எழுதிய சின்னக் காகிதத்தை ஊக்கால் குத்திவைத்தால் வரிசை குழம்பாது. கொப்பியில் திகதி, இரண்டு எண், நிறத்தின் பெயர், இணைத்ததற்கு ஒரு சரி அடையாளம்.

உறைபனி நாளுக்குத் தனிக்குறி வேண்டும், ஏனென்றால் வெப்பமானி அதைச் சொல்லாது. கருவி தலை உயரத்தில் 3 பாகை காட்டும்போதே கீழே புல்லின் மேல் பூச்சியத்துக்குக் கீழ் இறங்கியிருக்கும். குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாத காலையில் பள்ளத்து உருளைக்கிழங்குப் பாத்தி கருகியிருக்கும். புல்லிலோ கொழுந்திலோ வெள்ளை பார்த்த நாளின் சதுர நடுவில் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுத் தையல் போட்டால் போதும்.

ஜனவரி 1இல்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. சித்திரை முதல் நாளில் தொடங்கினால் பகல் சூடு உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆரம்பித்து, மூடுபனி நடுவிலும் உறைபனி கடைசிப் பகுதியிலும் வரும். தமிழ் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை போனாலும் தலைச் சதுரம் பன்னிரண்டுதான், 378 கணக்கு மாறாது.

முடிந்த போர்வையை ஈரத்துணி வைத்துக்கூட அயர்ன் பண்ணாதீர்கள். சூடு பட்ட அக்ரிலிக் துவண்டு நீண்டுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. குளிர்நீரில் நனைத்து, பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி, பாய்மேல் அளவுக்கு இழுத்து விரித்துக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் ஈரப் பாரத்தில் இழுபட்டு, சதுரங்கள் நீள்சதுரமாகும். மழை மாதங்களில் மடித்து அலுமாரியில் அடைக்காமல் கட்டிலிலேயே கிடக்கட்டும். விறகடுப்புப் பக்கமும் ஹீட்டர் பக்கமும் மட்டும் கொண்டுபோக வேண்டாம். இந்த நூல் உருகித் தோலில் ஒட்டும். கைக்குழந்தைக்குப் போர்த்துவதற்கென்றே பின்னுவதானால் துளைகள் உள்ள கிரானி சதுரத்தை விட்டு, முன்னே சொன்ன வரிப் போர்வையைச் சிறிதாக, 120 தையலில், பருத்தி நூலில் போடுங்கள்; விரல் மாட்டாது.